மூன்று மாத நெல்லும் பதினைந்து வருடப் பனையும்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது வன்னியில் காலபோக விதைப்பு தொடங்கியிருக்கும். இரணைமடு, அக்கராயன், முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளத்துக்குக் குளம் கூட்டம் வைத்து, விதைப்புத் திகதியும் கடைசித் தண்ணீர்த் திகதியும் முடிவாகியிருக்கும். மானாவாரிக்காரர் கூட்டத்துக்காகக் காத்திருப்பதில்லை. மாரி மழை இறங்கு முன்னரே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். இந்த நாட்களில் விதைநெல் விற்கும் இடத்தில் போய் நின்றால், விலைக்கு முன்னே கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "இது எத்தினை மாத நெல்லு?"

போன மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று முல்லைத்தீவுப் பக்கமிருந்து, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் எழுதியது. கடலாமை ஒரே இரவில் நூறு முட்டை இட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் கடலுக்குப் போகிறது. யானை இரண்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக வயிற்றில் சுமந்து ஒரேயொரு கன்றை ஈனுகிறது. ஏன் எல்லா உயிருக்கும் ஒரே வழி இல்லை, இதில் எது நல்ல வழி என்று கேட்டிருந்தார். பாடப் புத்தகத்தில் இதற்கு ஓர் அட்டவணை இருக்கும். அதை மனப்பாடம் செய்தால் புள்ளி கிடைக்கும். ஆனால் அந்தத் தங்கை கேட்டது புள்ளிக்காக அல்ல என்பது கடிதத்தைப் படித்தபோதே தெரிந்தது. விதைநெல் வாங்க வந்த கமக்காரர் கேட்பதும் அவர் கேட்பதும் அடிப்படையில் ஒரே கேள்வி. ஆகவே இம்மாதப் பக்கம் அவருக்கான பதிலாக இருக்கட்டும்.

நெல்லிலிருந்தே தொடங்குகிறேன். பத்தலகொட ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பிஜி இனங்களில் எண்ணைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடலாம். 250 என்றால் இரண்டரை மாதம். 300 என்றால் மூன்று. 358, 360 என்பவை மூன்றரை. 403 நான்கு மாதம். ஆனால் இந்த வயது எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தண்டுக்குள்ளே கதிர் உருவாகத் தொடங்கிய நாளிலிருந்து பூக்கும்வரை ஏறக்குறைய 35 நாள். பூத்ததிலிருந்து மணி முற்ற இன்னும் 30 நாள். இந்த 65 நாள் மூன்று மாத நெல்லுக்கும் நான்கு மாத நெல்லுக்கும் பெரும்பாலும் ஒன்றேதான். வேறுபாடெல்லாம் அதற்கு முந்திய காலத்தில் இருக்கிறது. மூன்று மாத நெல்லுக்கு இலை பரப்பவும் வேர் இறக்கவும் மட்டம் வெடிக்கவும் கிடைப்பது 25 நாள் அளவில். நான்கு மாத நெல்லுக்கு அது 55 நாள். அந்த ஒரு மாதத்தில் சேர்ந்த இலையும் மட்டமும்தான் பின்னர் கதிராகி நிற்கின்றன. நீண்ட வயது நெல் கூட விளையக் காரணம் அதுவே.

அப்படியானால் ஏன் எல்லாரும் நான்கு மாத நெல்லையே விதைப்பதில்லை? தண்ணீர். வடகீழ்ப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும். வருடத்தில் நமக்கு வரும் மழையில் பெரும்பங்கு அந்த மூன்று மாதத்துக்குள் அடங்கிவிடுகிறது. தை பிறந்ததும் வானம் கையை விரித்துவிடும். பிந்தி விதைத்த நான்கு மாத நெல் பால் பிடிக்கும் நேரத்தில் வயல் வெடித்தால், அந்த ஒரு மாத இலையும் மட்டமும் வைக்கோலாகத்தான் வீடு வரும். முந்திப் பூப்பவனுக்கு விளைச்சல் குறைவு, ஆனால் விளைச்சல் உண்டு. பிந்திப் பூப்பவனுக்கு நிறைய விளையலாம், ஒன்றுமே விளையாமலும் போகலாம். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் மட்டமாக இருக்கும் வருடங்களில் நம் கமக்காரர் குறுகிய வயது நெல்லைத் தேடுவது இதனால்தான்.

உயிரியலாளர்கள் இதையே எல்லா உயிர்களுக்கும் விரித்துச் சொல்கிறார்கள். வெயில், தண்ணீர், உணவு, ஆயுள் எல்லாம் ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் போல அளவானவை. கூரைக்குக் கொடுத்தது பிள்ளையின் ரியூசனுக்குக் கிடையாது. உடம்பை வளர்ப்பதா, இப்போதே இனம் பெருக்குவதா? பெருக்குவதென்றால் சின்னச் சின்னதாய் நிறையவா, பெரிதாய்ச் சிலவா? ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போவதா, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகவா? ஒவ்வோர் உயிரும் இந்தக் கேள்விகளுக்குத் தன் உடம்பாலேயே பதில் எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பதிலை எழுத வைத்தது அது வாழும் இடம்.

இதை நிரூபிக்க வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. காட்டு நெல் இருக்கிறது. மழையில் நிரம்பிக் கோடையில் வெடிக்கும் உலர்வலயக் குட்டைகளிலும் குளக்கரைப் பள்ளங்களிலும் ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல் முளைக்கும். மாரியில் முளைத்து, வேகமாகக் கதிர் தள்ளி, மணியை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகும். கோடை முழுவதும் அது வெறும் விதையாகச் சேற்று வெடிப்புக்குள் கிடக்கிறது. அதன் நெருங்கிய உறவான ஒரைசா ரூபிபோகன் வருடம் முழுவதும் தண்ணீர் நிற்கும் சதுப்புகளில் வாழ்வது. அது சாவதில்லை, தண்டாலும் கணுவாலும் படர்ந்து பல வருடம் நிற்கும். ஆனால் நிவாராவை விடக் குறைவாகவே விதை கொடுக்கும். ஒரே குலம்தான். தண்ணீர் வற்றும் இடத்தில் ஒரு பதில், வற்றாத இடத்தில் வேறொரு பதில். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரைசா ரைசோமற்றிஸ். 1990இல்தான் அதைத் தனி இனமென்று விவரித்துப் பெயரிட்டார்கள். அதுவும் கோடையில் காயும் உலர்வலய நிலத்துக்குரியதே. ஆனால் விதையை மட்டும் நம்பாமல் மண்ணுக்குக் கீழே கிழங்குத் தண்டைச் சேமித்து வைத்து, மழை வந்ததும் அதிலிருந்து மறுபடி எழும்புகிறது. ஒரே வறட்சிக்கு இரண்டு விடை இருக்கலாம் என்பதை நம் நாட்டுப் புல் ஒன்று காட்டுகிறது. எது நல்ல வழி என்று கேட்ட தங்கை இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

1954இல் லமொன்ட் கோல் என்ற அமெரிக்க உயிரியலாளர் இது பற்றி ஒரு கணக்குப் போட்டார். கேட்டால் நம்ப முடியாத கணக்கு. வருடத்துக்கு 100 விதை கொடுத்துக்கொண்டு சாகாமலே நிற்கும் மரம் ஒன்று. 101 விதை கொடுத்துவிட்டு அந்த வருடமே செத்துப்போகும் செடி ஒன்று. விதையெல்லாம் பிழைத்தால் இரண்டும் ஒரே வேகத்தில் பெருகும்! நூறாண்டு வாழ்வின் பெறுமதி ஒரேயொரு விதைதான் என்றாகிறது. அப்படியானால் உலகத்தில் மரம் என்று ஒன்று ஏன் இருக்க வேண்டும்? இந்தப் புதிரைச் சார்னொவ், ஷாஃபர் என்ற இருவர் 1973இல் அவிழ்த்தார்கள். கோலின் கணக்கில் விதைக்கும் பெரிய மரத்துக்கும் ஒரே பிழைப்பு வாய்ப்பு. உண்மையில் அப்படி எங்கே நடக்கிறது? நூறு விதையில் ஒன்றுதான் மறு வருடத்தைப் பார்க்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது, நின்று பிழைக்கும் தாய்மரம் ஒன்றுக்கு ஈடு ஒரு விதை அல்ல, நூறு விதை. குஞ்சும் நாற்றும் அதிகம் சாகும் இடத்தில், வளர்ந்து நிற்கும் ஒன்றின் பெறுமதி ஏறிக்கொண்டே போகும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பனைக்கு வருவோம்.

பனம்பழம் ஒன்றில் மூன்று கொட்டை, சிலவற்றில் இரண்டு, அபூர்வமாக ஒன்று. ஒவ்வொரு கொட்டையும் கைக்கு அடங்காத பருமன். ஆவணி, புரட்டாதியில் பழம் பொறுக்கிப் பாத்தி போட்டவர்களுக்கு இதன் முளைப்பு தெரிந்ததுதான், ஆனாலும் ஒருமுறை கிட்ட இருந்து பாருங்கள். முளை வானத்தை நோக்கி எழும்புவதில்லை. கொட்டையிலிருந்து மண்ணுக்குள் கீழ்நோக்கி இறங்குகிறது. அதே நேரம் கொட்டைக்குள்ளே, தாய்மரம் வைத்துவிட்ட வெள்ளைச் சதையைக் கரைத்து உறிஞ்சிக்கொண்டு பஞ்சு போன்ற பூரான் பருக்கிறது. அப்படி உறிஞ்சியதெல்லாம் கீழே இறங்கிய முளையில் மாப்பொருளாகச் சேர்கிறது. அதைத்தான் நாம் தையிலும் மாசியிலும் கிண்டி எடுத்து அவித்துச் சாப்பிடுகிறோம், ஒடியலாக்குகிறோம், புழுக்கொடியலாக்குகிறோம். கிண்டாமல் விட்டால், அந்தச் சேமிப்பை வைத்துத்தான் கன்று தன் முதல் கோடையைக் கடக்கும். வளரும் குருத்து மண்ணுக்குக் கீழே பத்திரமாக இருப்பதால், மாடு மேய்ந்தாலும் நெருப்பு ஓடினாலும் மறுபடி ஓலை விடும். ஆயிரக்கணக்கில் பொடி விதை தூவும் ஒரு பூண்டால் தன் பிள்ளைக்கு இப்படியொரு சீதனம் கொடுக்க முடியாது. பனை சிலவற்றுக்கே கொடுக்கிறது, நிறைவாகக் கொடுக்கிறது.

பிறகு நீண்ட காத்திருப்பு. வடலியாக நிற்கும் காலம் முழுவதும் அது சேர்ப்பதெல்லாம் தன் உடம்புக்கே. முதல் பாளை வரப் பன்னிரண்டு முதல் இருபது வருடம் செல்லும். ஆணா பெண்ணா என்பதுகூட அன்றுதான் தெரியும். அதன் பின்பு ஐம்பது, அறுபது, எண்பது வருடம் வருடா வருடம் பாளை, நுங்கு, பழம். நூறு வயது தாண்டிய பனைகள் நம் ஊர்களில் உண்டு. வளவில் பக்கத்திலேயே நிற்கும் வாழையைப் பாருங்கள்: வருடத்துக்குள் ஒரே ஒரு குலை, குலையோடு அந்த மரம் முடிந்தது, அடியில் விட்ட குட்டிகள்தான் தொடரும். பனையின் குடும்பத்திலேயே எதிர்ப்பக்கம் போனதும் ஒன்று இருக்கிறது. குருநாகல், கேகாலைப் பக்கம் நிற்கும் தாளிப்பனை. முப்பது முதல் எண்பது வருடம் வரை பூவே காட்டாமல் நின்று, கடைசியில் உச்சியில் ஒரே ஒரு பெரும் பூந்தண்டு விடும். கிளை விட்ட பூந்தண்டுகளில் உலகத்திலேயே பெரியது அதுதான். இலட்சக்கணக்கில் பூத்துக் காய்த்து முற்ற ஒரு வருடம். பிறகு மரம் செத்து விழும். சேர்த்ததையெல்லாம் ஒரே தடவையில் செலவழிக்கும் அந்தத் துணிவு எனக்குப் பெரிய வியப்பு. ஆனால் நம் மண்ணுக்கு வாய்த்தது பனையின் பொறுமை.

அந்தப் பொறுமைக்கு ஒரு பலவீனம் உண்டு. பனைக்கு வளர்முனை ஒன்றே ஒன்று, உச்சியில். வேம்பையோ பூவரசையோ தறித்தால் அடியிலிருந்து தளிர்க்கும். அவற்றுக்கு ஒதுக்கி வைத்த மொட்டுகள் உண்டு. பனை அப்படி ஒன்றையும் ஒதுக்கி வைக்கவில்லை. தலை போனால் போனதுதான். பளைக்கு அப்பால் முகமாலைப் பக்கம் ஏ9 வீதியால் போனவர்கள் தலையில்லாமல் நின்ற பனைகளைப் பார்த்திருப்பீர்கள். போர்க்காலத்தில் ஷெல் பட்டு உச்சி முறிந்தவை அவை. பங்கருக்கென்று தறிக்கப்பட்டவை வேறு. இரு பக்கத்தாரும் தறித்தார்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை அந்த மண்ணில் வருடக்கணக்காக நடந்தது. வெடியை அகற்றினால் மண் திரும்பி வரும். எண்பது வயதுப் பனை திரும்பி வர எண்பது வருடம் வேண்டும்.

2010இல் மீள்குடியேறி வந்து, தறப்பாள் கொட்டிலுக்குப் பக்கத்தில் பனங்கொட்டை ஊன்றியவர்கள் பலர். அந்தக் கொட்டை 2025 அளவில்தான் முதல் பாளை விடும் வயதுக்கு வருகிறது. அன்று கைக்குழந்தையாய் இருந்த பிள்ளை சாதாரணதரப் பரீட்சை எழுதும் வயது. வேலி ஓரமாக நிற்கும் அந்த வடலியை, வீடு கட்ட இடைஞ்சல் என்றும் மதில் எழுப்ப இடைஞ்சல் என்றும் இப்போது தறிப்பதை நான் காண்கிறேன். ஒரு பனைக்குப் பதிலாக நூறு விதை நடுகிறோம் என்று சொல்பவர்களை நான் குறை சொல்லவில்லை. நடட்டும், நல்ல காரியம். ஆனால் சார்னொவும் ஷாஃபரும் போட்ட கணக்கை அவர்களுக்கு முன்னால் வைக்க விரும்புகிறேன். நட்ட எண்ணிக்கை மேடையில் அறிவிக்கப்படுகிறது. பத்து வருடம் கழித்து எத்தனை நிற்கிறது என்று யாராவது போய் எண்ணியதுண்டா? பனைக்கு உதவி செய்வதென்றால் முதல் உதவி, பாளை விடும் வயதுக்கு வந்துவிட்டதைக் காப்பது.

இந்த எண்ணம் வெறும் பாசத்தில் வந்ததல்ல. கடலாமையில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். உலகில் உள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து வகை இலங்கைக் கரைகளுக்கு வந்து முட்டையிடுகின்றன. நூறு முட்டையில் வெளிவந்த குஞ்சுகளை நண்டும் பறவையும் மீனும் பிடித்துவிடும். ஆயிரத்தில் ஒன்று பெரிதானால் அதிசயம். ஆகவே முட்டையைக் காத்தால் போதும் என்று பல நாடுகள் நினைத்தன. 1987இல் டெபோரா க்ரௌஸும் அவருடன் இருவரும் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைப் பெருந்தலை ஆமைகளுக்குக் கணக்குப் போட்டார்கள். அத்தனை முட்டையும் குஞ்சும் பிழைத்தால்கூட அந்த இனம் குறைந்துகொண்டே போகும் என்றது விடை. காரணம், கடலில் பல வருடம் வளர்ந்து பருவமடையப்போகும் ஆமைகள் இறால் மடியில் சிக்கி மூச்சடைத்துச் சாகின்றன. அவற்றைக் காத்தால்தான் எண்ணிக்கை ஏறும். அந்த விளக்கம், ஆமை தப்பி வெளியேற வழி வைத்த மடிகளை அங்கே கட்டாயமாக்க உறுதுணையாக நின்றது. தன் வலையில் உயிரோடு சிக்கிய ஆமையை, வலையை அறுத்து விடுவிக்கும் முல்லைத்தீவுக் கடற்றொழிலாளி, ஒரு கூடு முட்டையைக் காப்பதைவிடப் பெரிய காரியம் செய்கிறார். ஆமைக்காக வலையைச் சேதப்படுத்திக்கொள்ளும் அவருடைய நட்டத்துக்கும் யாராவது கைகொடுக்க வேண்டும்.

யானைக்கு இதே நியாயம் இன்னும் இறுக்கமாகப் பொருந்தும். டார்வின் யானையை, தெரிந்த விலங்குகளில் மிக மெதுவாகப் பெருகுவது என்று எடுத்துக்கொண்டு, அப்படிப்பட்டதுகூடத் தடையின்றிப் பெருகினால் ஒரு சோடியிலிருந்து 740, 750 வருடத்தில் ஒரு கோடியே 90 இலட்சம் அளவில் வரும் என்று கணக்கிட்டார். தடையின்றி என்பதுதான் முக்கியம். தாய் சாகாதிருக்க வேண்டும். 20 முதல் 22 மாதம் கருவில், பிறகு நாலைந்து வருடத்துக்கு ஒரு கன்று. 2011இல் நாடு முழுவதும் எண்ணியபோது 5,879 யானைகள். 2023இல் மட்டும் 400க்கு மேல் செத்தன. அதே வருடம் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் யானையால் செத்தார்கள். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் மாங்குளத்திலும் இரவில் பந்தம் கொளுத்திக்கொண்டு வயலில் கிடப்பவருக்கு, யானையின் மெதுவான வாழ்க்கை பற்றிப் பாடம் சொல்ல எனக்கு நாக்கு எழும்பாது. அவர் பயிரும் உயிரும் முதலில் காக்கப்பட வேண்டும். ஒழுங்காகப் பராமரிக்கப்படும் மின்வேலியும் தாமதமில்லாத நட்டஈடும் அவருக்குக் கிடைக்க வேண்டும். ஆனால் வெங்காய வெடியும் வீட்டு மின்சாரத்தை நேரே இழுத்த கம்பியும் எடுக்கும் உயிருக்கு ஈடு வர ஒரு தலைமுறை செல்லும். கரடியும் அப்படித்தான். ஒன்றோ இரண்டோ குட்டி, அதை மாதக்கணக்காக முதுகில் ஏற்றித் திரிந்து, இரண்டு வருடம் வரை கூடவே வைத்திருக்கும். அதற்குப் பாலைப்பழம் பழுத்த காடு வேண்டும். பாலையோ பனையைவிடச் சோம்பலாக வளரும் மரம். வைரம் பாய்ந்த ஒரு பாலையை இரவோடிரவாகத் தறித்து ஏற்றும் லொறி, கரடியின் வருங்காலத்தையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகிறது.

குளத்து மீன்கள் இதற்கு நேர் மறுபக்கம். 1952இல் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட திலாப்பியா நம் குளங்களில் எப்படிப் பிடித்து நின்றது என்று யோசித்திருக்கிறீர்களா? குளம் வற்றும்போது கரைச் சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். ஆண் மீன் தோண்டியவை. அங்கே இட்ட முட்டையைப் பெண் வாய்க்குள் அள்ளி, குஞ்சு வெளிவந்து நீந்தப் பழகும் வரை தீனே இல்லாமல் சுமக்கும். முட்டை சில நூறுதான், ஆனால் வருடத்தில் பல தடவை. குளம் வற்றி நெருக்கடி வந்தால் இன்னொரு காரியமும் செய்கிறது: வளர்வதை நிறுத்திக்கொண்டு, சிறு உடம்பிலேயே முட்டை வைக்கத் தொடங்கிவிடும். கோடைக் கடைசியில் வலையில் வருவதெல்லாம் ஏன் பொடி மீன் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். ரோகு, கட்லா ஓடும் ஆற்றுநீரில் முட்டையை இலட்சக்கணக்கில் கொட்டும் இனங்கள். தேங்கிய குளத்தில் அவை இனம் பெருக்குவதில்லை. ஆகவேதான் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையான நெக்டா குஞ்சு பொரித்து வளர்த்து ஒவ்வொரு தடவையும் குளத்தில் விட வேண்டியிருக்கிறது. விராலோ குஞ்சுக் கூட்டத்தைக் கூடவே நின்று காவல் காக்கும். தண்ணீரின் மேல் செம்மஞ்சளாகக் கொதித்து நகரும் அந்தக் கூட்டத்தைக் கண்டதும் காவல் நிற்கும் பெரிய விராலைத் தூண்டிலில் எடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அந்த இரண்டு மூன்று கிழமைக்கு விட்டுவிடுங்கள். காவல் போனால் கூட்டம் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரை. நந்திக்கடல் இறாலுக்கு இந்தக் கவலை வேறு மாதிரி. தாய் கடலில் முட்டையிடும், குஞ்சு முகத்துவாரத்தால் களப்புக்குள் வந்து வளரும், வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகும். ஒரு தாய்க்கு இலட்சக்கணக்கில் முட்டை இருப்பதால், பிடிபட்ட இறாலுக்கு ஈடு விரைவிலேயே வந்துவிடும். வழி அடைபட்டால் மட்டும் எத்தனை இலட்சம் முட்டையும் உதவாது.

வேகமாக வாழ்வதற்கு வன்னியில் மிகக் கசப்பான உதாரணம் பார்த்தீனியம். இந்திய அமைதிப்படைக் காலத்தில் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்பது பரவலான கருத்து. வவுனியாவில் இருப்பது 1999இல் அறியப்பட்டது. முளைத்து ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும். செழிப்பாக வளர்ந்த ஒரு செடி பத்தாயிரத்துக்கு மேல் விதை கொட்டும். தண்ணீர் இல்லையென்றால் நாலு இலையோடு, சாண் உயரத்திலேயே பூக்கும். விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இப்படிப்பட்ட ஒன்றைக் காய்ந்த பிறகு வெட்டுவதும் எரிப்பதும் வீண் வேலை. வெட்டும்போதே விதை உதிர்ந்துவிடும். மழைக்கு முளைத்ததும், வெள்ளைப் பூ தெரிய முன்னரே, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். அடுத்த மழைக்கும் அதே இடத்தில் மறுபடி. யானையிலும் பனையிலும் பெரியதைக் காக்கும் அதே கணக்குத்தான் இதிலே குழந்தைப் பருவத்தில் கைவைக்கச் சொல்கிறது.

எது நல்ல வழி என்று கேட்ட தங்கைக்கு: ஆமையின் வழி ஆமைக்கும் யானையின் வழி யானைக்கும் பொருந்தி வந்தவை. ஆனால் அவற்றோடு பக்கத்தில் வாழும் நாம் எல்லாவற்றையும் ஒரே கையால் தொட முடியாது. இறாலைப் பிடிப்பது போல ஆமையைப் பிடிக்க முடியாது. வாழையைத் தறிப்பது போலப் பனையைத் தறிக்க முடியாது. பரீட்சையில் இதை எப்படி எழுதுவது என்று உங்கள் ஆசிரியர் சொல்லித் தருவார். உங்களுடைய அந்தக் கடிதத்துக்கு என் நன்றி.

வாசகர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். மீள்குடியேற்றத்துக்குப் பின் நீங்களோ உங்கள் பெற்றோரோ ஊன்றிய பனை வளவில் நின்றால், எந்த வருடம் ஊன்றியது, பாளை விட்டுவிட்டதா, விட்டதென்றால் எந்த வருடம், ஆணா பெண்ணா என்று ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்புங்கள். ஊன்றியதில் எத்தனை பட்டுப்போனது, எதனால் என்பதையும் எழுதுங்கள். மாடு, நெருப்பு, மதில், எதுவானாலும். கிராமத்தின் பெயர் போதும், காணி விபரம் வேண்டாம். வந்தவற்றை ஊர்வாரியாகத் தொகுத்துத் தை இதழில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்